அத்துமீறி நுழைந்தவர்மேல் கை வைக்கலாமா?

உங்கள் இடத்துக்குள் ஒருவர் நிற்கிறார். நீங்கள் அழைக்கவில்லை. போகச் சொன்னால் முறைக்கிறார். இன்னொருவர் நீங்கள் பார்க்கும்போதே எதையோ தூக்கிக்கொண்டு வேலி தாண்டி ஓடுகிறார். மூன்றாவது ஆள் நள்ளிரவில் பின்கதவை நெம்பிக்கொண்டிருக்கிறார், உள்ளே பிள்ளைகள் தூங்குகிறார்கள். மூவரையும் அத்துமீறி நுழைந்தவர் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். முதல் ஆளைக் கட்டையால் அடித்தால் நீங்கள்தான் குற்றவாளி. மூன்றாவது ஆளை அடித்தால் பெரும்பாலும் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். இரண்டாவது ஆள் விஷயத்தில் நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது.

"என் இடத்துக்குள் வந்தவனை நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்" என்று நல்ல மனிதர்களே பேசிக் கேட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கை தவறு. தவறு என்பது தெரியவரும் நாளில் கை மீறிப் போயிருக்கும். நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தவர், ஒரே நிமிடக் கோபத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவதைப் போன்ற வேதனை வேறில்லை. அந்த நிமிடத்தில் சட்டப் புத்தகத்தைப் புரட்ட முடியாது. அதனால் அமைதியாக இருக்கும்போதே வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

கையில் இருக்கும் வழிகள் இவை: வாயால் சொல்லி அனுப்பலாம், போலீஸைக் கூப்பிடலாம், கையைப் பிடித்து வெளியே விடலாம், ஆயுதம் எடுக்கலாம், வருவதற்கு முன்பே பொறி வைக்கலாம், எல்லாம் முடிந்தபின் நீதிமன்றம் போகலாம். இவற்றில் ஒன்றை எந்தச் சூழலிலும் தொடக்கூடாது என்பது என் முடிவு. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

சட்டம் என்ன கேட்கிறது

நாடுகள் பல, சட்டங்கள் பல. ஆனாலும் நீதிபதி கேட்கும் கேள்விகள் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆபத்து பொருளுக்கா, உயிருக்கா? அத்துமீறல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா? பலம் இல்லாமல் வேறு வழி இருந்ததா? பயன்படுத்திய பலம் தேவைக்கு மேல் போனதா? அந்த ஆள் யாருடைய மண்ணில் நின்றார் என்பது இந்தக் கேள்விகளுக்கு வாசற்படி மட்டும்தான்.

இந்தியாவில் இந்த விதிகள் 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவையே 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக வந்திருக்கின்றன. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் சட்டங்களும் அதே 1860 மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதால் அடிப்படை ஒன்றுதான். திருட்டு, கொள்ளை, சொத்தைச் சேதப்படுத்துதல், குற்ற நோக்கத்துடன் அத்துமீறி நுழைதல் ஆகியவற்றிலிருந்து சொத்தைக் காக்க இந்தச் சட்டம் உரிமை தருகிறது. உடனேயே இரண்டு பூட்டுகளையும் போடுகிறது. அரசு அதிகாரிகளின் பாதுகாப்பைத் தேட நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. தேவைக்கு அதிகமான தீங்கு செய்தாலும் கிடையாது.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. இந்தியச் சட்டத்தில், அனுமதியில்லாமல் காலடி வைப்பது மட்டுமே கிரிமினல் குற்றம் ஆகிவிடாது. குற்றம் செய்யும் நோக்கமோ, இடத்தை வைத்திருப்பவரை மிரட்டும், அவமதிக்கும், தொந்தரவு செய்யும் நோக்கமோ இருக்க வேண்டும். வழி தெரியாமல் உள்ளே வந்தவரும், பறந்து வந்த பந்தை எடுக்க வந்த சிறுவனும் இதில் சேரமாட்டார்கள். அவர்கள்மேல் கை ஓங்கினால் தற்காப்பு உரிமை பற்றிப் பேசவே இடமில்லை. இங்கிலாந்திலும் வெறும் அத்துமீறல் பொதுவாக சிவில் தவறுதான். "அத்துமீறுவோர் மீது வழக்குத் தொடரப்படும்" என்ற பலகைக்கு அங்கே பெரும்பாலும் சட்ட பலம் இல்லை. ஸ்வீடனில் இன்னும் ஒரு படி மேலே போய், பிறர் நிலத்தில் நடப்பதையே பொது உரிமையாக வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு அருகே வரக்கூடாது, பயிரை மிதிக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆக, எதிரே நிற்பவர் சட்டப்படி அத்துமீறியவர்தானா என்பதே முதல் கேள்வி.

வாயால் சொல்வது

இது கோழைத்தனமாகத் தெரியலாம். உண்மையில் மற்ற எல்லா வழிகளுக்கும் அஸ்திவாரம் இதுதான். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றுக்கு முன்மாதிரியாக இருந்த 1962-ஆம் ஆண்டின் மாதிரித் தண்டனைச் சட்டம், சொத்தைக் காக்கப் பலம் பயன்படுத்தும் முன் "நிறுத்து, வெளியே போ" என்று கேட்டிருக்க வேண்டும் என்கிறது. கேட்பது வீண் என்றாலோ, கேட்டால் ஆபத்து என்றாலோ, கேட்பதற்குள் பெரும் சேதம் ஆகிவிடும் என்றாலோ மட்டும் விலக்கு. மற்ற நாடுகளில் இப்படி எழுதியே வைக்காவிட்டாலும், நீதிபதி நிச்சயம் கேட்கும் கேள்வி இது: முதலில் சொல்லிப் பார்த்தீர்களா?

சொல்வதால் இன்னொரு பலனும் உண்டு. தெரியாமல் வந்தவர் போய்விடுவார். தெரிந்தே வந்தவர் போக மறுப்பார், அந்த மறுப்பே அவருடைய நோக்கத்துக்குச் சாட்சி. விருந்தாளியாக உள்ளே வந்து தகராறு செய்பவருக்கும் இது பொருந்தும். அனுமதியைத் திரும்பப் பெற்றுவிட்டேன் என்று தெளிவாகச் சொல்லி, வெளியேற நியாயமான நேரமும் கொடுத்த பிறகுதான் அவர் அத்துமீறியவர் ஆகிறார். சொல்லும்போது பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் நல்லது. போனில் பதிவாகிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

எப்போது போகச் சொல்லவே கூடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு வழக்கு, 1908-இல் தீர்ப்பானது. ஏரியில் படகில் போன ஒரு குடும்பம் புயலில் சிக்கி, ஒரு தனியார் படகுத்துறையில் படகைக் கட்டுகிறது. துறையின் உரிமையாளருடைய வேலையாள் கயிற்றை அவிழ்த்துவிடுகிறார். படகு கரையில் மோதி உடைகிறது, குடும்பத்தினர் காயமடைகிறார்கள். உயிருக்குத் தப்பி வந்தவர்களை வெளியே தள்ள உரிமையில்லை, உரிமையாளர்தான் பொறுப்பு என்றது நீதிமன்றம். வெள்ளத்துக்கும் தீக்கும் துரத்தும் கும்பலுக்கும் பயந்து உங்கள் வாசலுக்குள் ஓடிவருபவரை இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். மாதிரித் தண்டனைச் சட்டமும், வெளியேற்றினால் அந்த ஆளுக்குப் பெரும் உடல் ஆபத்து வரும் என்று தெரிந்திருந்தால் வெளியேற்றாதே என்கிறது. எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். சொத்துரிமைக்கு மேலே உயிர் இருக்கிறது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறது.

போலீஸைக் கூப்பிடுவது

சொல்ல அதிகம் இல்லை. அவசரமில்லாத எந்தச் சூழலிலும் இதுதான் சரி. போக மறுப்பவர், வேலியைப் பிடுங்கப்போவதாக மிரட்டுபவர், நாளை ஆட்களோடு வருவேன் என்பவர் எல்லோருக்கும் இதே பதில்தான். போலீஸ் வரத் தாமதமாகலாம், வந்தும் "சிவில் விவகாரம்" என்று திரும்பிப் போகலாம். அப்படியே ஆனாலும் நீங்கள் கூப்பிட்டீர்கள் என்ற பதிவு இருக்கும். பின்னால் பலம் தேவைப்பட்டால், வேறு வழி தேடினேன் என்பதற்கு அதுவே ஆதாரம்.

ஒரு தவறான புரிதலைக் களைய வேண்டும். அரசு உதவியைத் தேடு என்பதற்கு, அடி விழும்போது ஓடு என்று அர்த்தமில்லை. தாக்குதல் தொடங்கிவிட்டால், சொந்த இடத்தில் நிற்பவர் அதை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் புகார் கொடுக்க வேண்டியதில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. நேரம் இருந்ததா என்பதுதான் கேள்வி. நேற்றே தெரிந்த ஆபத்துக்கு இன்று கம்போடு காத்திருந்தால், நேரம் இருந்தது என்றுதான் கணக்கு.

கையைப் பிடித்து வெளியே விடுவது

சொல்லியும் போகாதவரைத் தோளைப் பிடித்து வாசல்வரை நடத்திப்போய் வெளியே விடுவது பெரும்பாலான நாடுகளில் சட்டத்துக்கு உட்பட்டதுதான். மென்மையாகக் கை வைக்கலாம் என்று பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் தனிக் கொள்கையே உண்டு. அந்தப் பலத்தின் நோக்கம் வெளியேற்றுவது மட்டுமாக இருக்க வேண்டும். தண்டிப்பது, பாடம் புகட்டுவது, அவமானப்படுத்துவது எல்லாம் இதற்குள் வராது. வாசல் தாண்டியபின் கொடுக்கும் ஒரு அறைகூட வேறு கணக்கு, அது தாக்குதல் குற்றம்.

இந்தியச் சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால், குற்ற நோக்கத்துடன் அத்துமீறியவருக்கு மரணம் தவிர வேறு தீங்கு செய்யலாம் என்று இடம் கொடுப்பதுபோல இருக்கும். அதை மட்டும் படித்துவிட்டுக் கையை ஓங்கியவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். அந்தப் பிரிவு மேலே சொன்ன இரண்டு பூட்டுகளுக்கும் உட்பட்டது. வெறுங்கையோடு நிற்பவரின் எலும்பை முறித்தால், வெளியேற்ற அது தேவையாக இருந்ததா என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

சட்டப்படி சரி என்பதாலேயே இந்த வழியை நான் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். தள்ளும்போது அவர் படியில் தடுக்கி விழுந்து மண்டை உடைந்தால்? நீங்கள் மென்மையாகத்தான் தள்ளினீர்கள் என்பதை யார் சொல்வது? அவர் பக்கம் நாலு பேர் சாட்சி சொன்னால்? எதிர்ப் புகார் வரும், இரண்டு வழக்கும் சேர்ந்தே நடக்கும், வருடங்கள் ஓடும். அவர் குடித்திருந்தாலோ, மனநிலை சரியில்லாதவராக இருந்தாலோ இன்னும் பொறுமை வேண்டும். அப்படிப்பட்டவர் தாக்கினால் உங்களுக்குத் தற்காப்பு உரிமை உண்டு, சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. தாக்காதபோது, காத்திருப்பதால் நீங்கள் இழப்பது கொஞ்ச நேரம் மட்டும்தான்.

பிடித்துக் கட்டி வைப்பது இதைவிட ஆபத்தான வழி. இந்தியாவில் தனிநபர் ஒருவரைக் கைது செய்ய வேண்டுமானால், ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தை அவர் உங்கள் கண்முன் செய்திருக்க வேண்டும், அல்லது அவர் நீதிமன்றத்தால் தேடப்படுபவராக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டப்படி ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்கவும் வேண்டும். வெறும் அத்துமீறல் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஆகவே அதற்காக ஒருவரைக் கம்பத்தில் கட்டினால், சட்டவிரோதமாக அடைத்து வைத்த குற்றம் உங்கள்மேல் வரும். கட்டி வைத்தவரை ஊர்கூடி அடிப்பதைத் தற்காப்பு என்று எந்த நாட்டுச் சட்டமும் ஒப்புக்கொள்வதில்லை. கட்டுண்டவரால் யாருக்கும் ஆபத்தில்லை. அந்த அடியில் உயிர் போனால் கூட்டத்தில் நின்று ஒரே ஒரு அடி அடித்தவரும் பதில் சொல்ல வேண்டும்.

ஆயுதம் எடுப்பது

இங்கேதான் நாடுகள் பிரிகின்றன. ஆனால் ஒரு கோடு மட்டும் மிகப் பழையது: இரவு, பகல் என்ற கோடு. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முந்தைய ரோமானியரின் பன்னிரு பலகைச் சட்டம், இரவில் திருட வந்தவனைக் கொன்றால் குற்றமில்லை என்றது. பகலில் வந்தவன் ஆயுதத்தால் எதிர்த்தால் மட்டுமே அனுமதித்தது. பைபிளின் யாத்திராகமமும் 22-ஆம் அதிகாரத்தில் இதே வேறுபாட்டைச் சொல்கிறது. இருட்டில் வந்தவர் யார், எத்தனை பேர், கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது, கூப்பிட்டால் ஓடிவர ஆளும் இருக்காது. அந்தப் பயத்தைச் சட்டம் இன்றுவரை மதிக்கிறது. பிரான்ஸின் தண்டனைச் சட்டம், ஆள் வசிக்கும் இடத்துக்குள் இரவில் உடைத்தோ, வன்முறையாலோ, ஏமாற்றியோ நுழைபவரைத் தடுத்தவர் தற்காப்புக்காகவே செயல்பட்டார் என்று முதலில் அனுமானித்துக்கொள்கிறது. அதே சட்டம், சொத்தை மட்டும் காப்பதற்காக வேண்டுமென்றே கொல்வதை அனுமதிப்பதில்லை.

இந்தியாவில் சொத்தைக் காக்கும் உரிமை உயிரைப் பறிக்கும் அளவுக்கு நீளும் சூழல்கள் நான்கே நான்கு: கொள்ளை, சூரியன் மறைந்தது முதல் உதிக்கும்வரை வீட்டை உடைத்து நுழைதல், மனிதர் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ அல்லது வெடியால் சேதம் விளைவித்தல், உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் மரணமோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாகப் பயப்படும் விதத்தில் நடக்கும் திருட்டு, சேதப்படுத்துதல் அல்லது வீடு புகுதல். திறந்த வயலுக்குள் இறங்கி நடந்தவர் இந்த நான்கில் எதிலும் இல்லை. மாமரத்தில் ஏறிய பையனும் இல்லை.

ஜெர்மனியின் கதை இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து வருகிறது. அங்கே தற்காப்பு உரிமை மிக வலுவானது, காக்கும் பொருளின் மதிப்பையும் செய்த தீங்கையும் தராசில் வைப்பது பொதுவாகத் தேவையில்லை. 1920-இல், பழ மரங்களுக்குக் காவல் இருந்தவர், பழங்களோடு ஓடிய திருடர்களைச் சுட்டார். அன்றைய உச்ச நீதிமன்றம் அதைத் தற்காப்பு என்றே ஏற்றுக்கொண்டது. இன்று அப்படி ஒரு தீர்ப்பு வராது. பொருளுக்கும் உயிருக்கும் இடையிலான இடைவெளி அப்பட்டமாக இருக்கும்போது அந்த உரிமை மறைந்துவிடும் என்று ஜெர்மானிய நீதிமன்றங்களே பின்னர் எல்லை வகுத்துவிட்டன. நூறு ஆண்டுகளில் சட்டம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதற்கு இதுவே போதும். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவும் உயிரைப் பறிக்கும் பலத்துக்கான விலக்குகளில், சட்டவிரோத வன்முறையிலிருந்து ஒரு மனிதரைக் காப்பதைச் சொல்கிறது. சொத்து என்ற சொல்லே அங்கே இல்லை.

இங்கிலாந்தில், வீடு என்பது கோட்டை என்ற கருத்து 1604-ஆம் ஆண்டின் செமெய்ன் வழக்கிலேயே பதிவாகிவிட்டது. 2013 சட்டத் திருத்தம் வீட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தது: குடியிருப்புக்குள் புகுந்தவருக்கு எதிராகத் தன்னைக் காத்துக்கொள்ளும்போது, கொஞ்சம் அளவு மீறினாலும் மன்னிக்கலாம், அப்பட்டமாக மீறினால்தான் கட்டாயம் தவறு. பலர் இதைச் சொத்தைக் காக்கும் உரிமை என்று படிக்கிறார்கள். அப்படி இல்லை, உயிரையும் உடலையும் காக்கும் தற்காப்புக்கு மட்டும்தான் அந்தத் தளர்வு. 1999-இல் டோனி மார்ட்டின் என்ற விவசாயி தன் வீட்டுக்குள் புகுந்த இருவரைத் துப்பாக்கியால் சுட்டார். ஒருவன் இறந்தான், அவனுக்கு வயது 16. முதலில் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் மனநலக் காரணத்தால் அது குறைந்த குற்றமாக மாறியது. அந்த நாடே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. தனியாக இருப்பவரின் இரவுப் பயம் பொய்யில்லை, பதினாறு வயதில் முடிந்துபோன உயிரும் பொய்யில்லை.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு. டெக்சாஸ் சட்டம், இரவில் நடக்கும் திருட்டு போன்ற சிலவற்றைத் தடுக்க, வேறு வழியில் பொருளைக் காக்க முடியாதபோது, உயிர் பறிக்கும் பலத்தைக்கூட அனுமதிக்கிறது. அங்கேயும் வெறும் அத்துமீறல் மட்டும் அதற்குப் போதாது. 2005-இல் ஃப்ளோரிடா, ஒருவர் சட்டப்படி எங்கே இருக்க உரிமை உண்டோ அங்கெல்லாம் பின்வாங்கத் தேவையில்லை என்று சட்டம் இயற்றியது, பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இந்தச் சட்டங்களை மேலோட்டமாகக் கேள்விப்பட்டவர்கள்தான் "அங்கெல்லாம் சுடலாமே" என்கிறார்கள்.

அவர்களுக்கு 1992-இல் லூசியானாவில் நடந்ததைச் சொல்ல விரும்புகிறேன். ஜப்பானிலிருந்து படிக்க வந்த 16 வயது மாணவன் ஒரு விருந்துக்குப் போகும் வழியில் வீடு மாறி வேறொரு கதவைத் தட்டினான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வெளியே வந்து அசையாதே என்று கத்தினார். அவனுக்குச் சரியாக விளங்கவில்லை, முன்னே வந்தான், சுட்டுவிட்டார். கிரிமினல் வழக்கில் ஜூரி வீட்டுக்காரரை விடுவித்தது. அடுத்து வந்த சிவில் வழக்கில் 6,50,000 டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்க உத்தரவானது. ஒரு நீதிமன்றத்தில் தப்பித்தவர் இன்னொன்றில் மாட்டினார். பையன் திரும்பி வரவில்லை. ஆயுத வழியின் முழுக் கணக்கு இதுதான்: எதிரே நிற்பவர் யார் என்று தெரியாத நொடியில், திருப்பி எடுக்க முடியாத ஒன்றைச் செய்கிறோம்.

ஆனால் உயிருக்கே ஆபத்து என்று நியாயமாகத் தோன்றும்போது சட்டம் உங்களிடம் அளவுகோல் கேட்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓங்கிய கத்திக்கு முன் நிற்பவரிடம் நிதானமான சிந்தனையை எதிர்பார்க்க முடியாது என்று 1921-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நேரத்துப் பலத்தைத் தங்கத் தராசில் நிறுக்க முடியாது என்று இந்திய நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன. கதவை உடைத்து உள்ளே வந்து உங்கள் பிள்ளையை நோக்கி நடப்பவரிடம் "போய்விடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கையில் கிடைத்ததை எடுங்கள். அவர் திரும்பி ஓடும்போது நிறுத்திவிடுங்கள். ஓடுபவரின் முதுகில் விழும் அடியில்தான் தற்காப்பு முடிந்து பழிவாங்கல் தொடங்குகிறது, நீதிமன்றங்கள் காயம் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதனால்தான்.

பொறி வைப்பது, வேலியில் மின்சாரம் விடுவது

எந்தச் சூழலிலும் தொடக்கூடாது என்று சொன்ன வழி இது.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நிலக்கிழார்கள் காட்டிலும் தோட்டத்திலும் கம்பி தட்டினால் வெடிக்கும் துப்பாக்கிகளை மறைத்து வைப்பது சாதாரணம். 1820-இல்கூட, எச்சரிக்கையைத் தெரிந்தே உள்ளே போய்க் காயம்பட்டவருக்கு இழப்பீடு கிடையாது என்று தீர்ப்பு வந்தது. 1827-இல் நாடாளுமன்றம் அந்தத் துப்பாக்கிகளைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு வந்த தீர்ப்பு ஒன்றில், துலிப் மலர்த் தோட்டத்தில் எச்சரிக்கைப் பலகை இல்லாமல் வைத்த துப்பாக்கி ஓர் இளைஞனின் முழங்காலைச் சிதைத்திருந்தது. அவன் பூத் திருட வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து தப்பி வந்த மயிலைப் பிடித்துக் கொடுக்கச் சுவர் ஏறியவன். உதவி செய்யப் போனவனுக்குக் கிடைத்தது அது.

1967-இல் அமெரிக்காவின் அயோவாவில், யாரும் வசிக்காத பண்ணை வீட்டில் அடிக்கடி திருட்டுப் போனதால் உரிமையாளர் படுக்கையறைக் கதவோடு ஒரு துப்பாக்கியை இணைத்து வைத்தார். பழைய பாட்டில்களை எடுக்கப் புகுந்தவரின் கால் சிதைந்தது. புகுந்தவர் திருடர்தான், அதற்கு 50 டாலர் அபராதமும் கட்டினார். ஆனாலும் 1971-இல் மாநில உச்ச நீதிமன்றம் உரிமையாளர் 30,000 டாலர் கொடுக்க வேண்டும் என்பதை உறுதி செய்தது. நேரில் நின்றிருந்தால் செய்யக்கூடாத ஒன்றை, இயந்திரத்தை வைத்தும் செய்யக்கூடாது என்பதே காரணம். இழப்பீட்டைக் கட்ட அவர்கள் நிலத்தை விற்க வேண்டியிருந்தது. எந்தச் சொத்தைக் காக்கத் துப்பாக்கி வைத்தார்களோ, அந்தச் சொத்து அதனாலேயே போயிற்று.

இந்தியாவில் 1960-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் வரை போன செருபின் கிரிகோரி வழக்கு இன்னும் மனதை உலுக்கும். பக்கத்து வீட்டார் தன் கழிப்பறையைப் பயன்படுத்துவதைத் தடுக்க ஒருவர் அதற்குப் போகும் வழியில் மின்சாரம் பாயும் வெறும் கம்பியைக் கட்டினார். அதைத் தொட்ட பெண் இறந்துபோனார். அத்துமீறியவருக்கு நான் ஏன் பொறுப்பு என்று வாதம் வைக்கப்பட்டது. அத்துமீறியவர் என்பதால் அவர் சட்டப் பாதுகாப்பு இல்லாதவர் ஆகிவிடமாட்டார், வேண்டுமென்றே காயப்படுத்தும் ஏற்பாடு செய்ய உரிமையாளருக்கு உரிமையில்லை என்று சொல்லி, நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அந்தப் பெண்ணின் வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்துபோயிருந்தது, அவர் வந்தது அதனால்தான்.

பொறிக்குக் கண் கிடையாது. திருடனையும் குழந்தையையும் தீயணைப்பு வீரரையும் அதனால் பிரித்தறிய முடியாது. சில நேரம் பொறி வைத்தவர் வீட்டுப் பிள்ளையே அதில் சிக்குகிறது. பலகை வைத்துவிட்டேன் என்பதும் முழுப் பாதுகாப்பில்லை, படிக்கத் தெரியாதவரும் இருட்டில் வருபவரும் இருக்கிறார்கள். சுவர்மேல் கண்ணாடிச் சில், முள்கம்பி, முள்வேலி ஆகியவை வேறு வகை. அவை கண்ணுக்குத் தெரியும், ஏறாதே என்று சொல்லும், பெரும்பாலான இடங்களில் நியாயமான தடுப்பாகவே ஏற்கப்படும். கால்நடைக்குப் போடும் மின்வேலியும் முறையான கருவியோடு இருந்தால் சரி. அந்தக் கருவி நொடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய அதிர்வாக மட்டும் மின்சாரத்தை விடும், சுரீரென்று உதறும், கொல்லாது. வீட்டு மின் இணைப்பிலிருந்து நேராகக் கம்பிக்குக் கொக்கி போடுவது அப்படியில்லை. தொட்டவரின் தசை இறுகி விடமுடியாமல் பிடித்துக்கொள்ளும். அது வேலியே இல்லை, கொலைக் கருவி.

காவல் நாய் வைப்பவருக்கும் ஒரு வரி: நாய் இருப்பது எல்லோருக்கும் தெரியும்படி பலகை வையுங்கள், ஏவி விடாதீர்கள். ஏவி விட்டால் அந்தக் கடி உங்கள் கடி.

குடியேறி உட்கார்ந்துவிட்டவர்

இது தனி விவகாரம், மிக அதிகமான தவறுகள் நடப்பதும் இதில்தான். நிலம் உங்களுடையது, பத்திரம் உங்களிடம் இருக்கிறது, ஆனால் ஒருவர் கொட்டகை போட்டு ஆறு மாதமாக இருக்கிறார். பத்து ஆட்களோடு போய்ப் பிரித்துப் போடலாமா?

கூடாது. உள்ளே வந்த சூட்டோடு தடுக்கலாம். ஜெர்மானிய சிவில் சட்டம் இதை அழகாகச் சொல்கிறது: நிலத்தைப் பறிகொடுத்தவர் உடனடியாக அத்துமீறியவரை வெளியேற்றித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அந்த உடனடி கடந்துவிட்டால் நீதிமன்றம்தான். இந்திய உச்ச நீதிமன்றம் 1968-இலும் 1975-இலும் வகுத்த வழியும் கிட்டத்தட்ட இதுவே. அவ்வப்போது வந்துபோகும் அத்துமீறல் யாருக்கும் உரிமை தராது. உரிமையாளருக்குத் தெரிந்து, அவர் எதிர்க்காமல் விட்டு, அனுபவம், அதாவது நிலத்தைக் கையில் வைத்திருப்பது, நிலைத்துவிட்டால், உண்மையான உரிமையாளரும் பலத்தால் வெளியேற்ற முடியாது. விதைத்துப் பயிர் வளர்ந்து நிற்பது அப்படி நிலைத்ததற்கு ஒரு அடையாளம். இங்கிலாந்தின் 1977 சட்டத்திலும், உள்ளே எதிர்ப்பவர் இருக்கிறார் என்று தெரிந்தே வன்முறையால் நுழைவது குற்றம். வீட்டை இழந்து நிற்கும் குடியிருப்பாளருக்கு மட்டும் விலக்கு உண்டு.

அதனால் இந்தச் சூழலில் பலம் சட்டப்படியும் தவறு, கணக்குப்படியும் நஷ்டம். இந்தியாவில் 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 6-ஆம் பிரிவின்கீழ், அனுபவத்தை இழந்தவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால் உரிமைப் பத்திரத்தை நிரூபிக்கக்கூடத் தேவையில்லை, அனுபவத்தில் இருந்ததையும் சட்டப்படியான வழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டதையும் காட்டினால் போதும். அடித்து விரட்டினால் இதே பிரிவை எதிராளி உங்கள்மேல் பயன்படுத்துவார். ஆறு மாதம் தாண்டிவிட்டாலும் உரிமையின் அடிப்படையில் வழக்குப் போடலாம், ஆனால் எதிராளியின் எதிரிடை அனுபவம், அதாவது உங்கள் உரிமையை மறுத்து அவர் நிலத்தை வைத்திருப்பது, 12 ஆண்டைத் தொட விடாதீர்கள். தடையாணை, அளவை, வேலி, அவ்வப்போது போய்ப் பார்த்து வருவது ஆகிய நான்கும் பத்து ஆட்களைவிட வலுவானவை. தூரத்தில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும்.

எதை எப்போது

சேர்த்து வைத்துப் பார்த்தால் என் தேர்வு இப்படி வருகிறது. திறந்த நிலத்தில் நடப்பவரிடம் பேச்சு மட்டும். சொல்லியும் போகாதவருக்குப் பேச்சு, பதிவு, போலீஸ். பொருளை உடைக்கத் தொடங்கிவிட்டாலோ, பெண்களும் குழந்தைகளும் இருக்கும் இடத்தில் நெருக்கினாலோ மட்டும் கை. பொருளோடு ஓடுபவரைப் பொருள் மீளும்வரை துரத்திப் பிடிக்கச் சட்டம் பொதுவாக இடம் தருகிறது. ஆனால் ஒரு போனுக்காகவோ ஒரு மூட்டைக்காகவோ கல்லையும் கம்பையும் வீசும் மதிப்பில்லை, அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்வதே மேல். குடியேறியவருக்கு நீதிமன்றம். இரவில் வீட்டை உடைத்து வருபவர் விஷயத்தில் முதலில் விளக்கைப் போட்டுச் சத்தம் போடுங்கள், குடும்பத்தை ஒரே அறைக்குள் சேருங்கள், போலீஸைக் கூப்பிடுங்கள். அதையும் தாண்டி வந்தால் தற்காத்துக்கொள்ளத் தேவையான முழுப் பலமும் உங்களுடையது. பொறி எப்போதும் வேண்டாம்.

அப்புறம், பலத்தைப் பயன்படுத்த வேண்டி வந்தே விட்டால், அடுத்த பத்து நிமிடத்தில் செய்வது வழக்கின் போக்கையே மாற்றும். எதிராளி விழுந்ததும் நிறுத்துங்கள். ஆம்புலன்ஸை நீங்களே கூப்பிடுங்கள், காயம்பட்டவரைக் காப்பாற்ற முயன்றவர் கொல்லும் எண்ணத்தோடு அடித்திருக்க மாட்டார் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. உடைந்த பூட்டு, கிடக்கும் கடப்பாரை, ரத்தம் எதையும் தொடாதீர்கள், கழுவாதீர்கள். போலீஸுக்கு முதல் தகவல் உங்களிடமிருந்தே போகட்டும். உங்கள் உடம்பில் சிறு கீறல் இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். இந்தியாவில், தற்காப்புக்காகச் செய்தேன் என்பதைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது, சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்கத் தேவையில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதற்கு உதவப்போவது அந்தப் பூட்டும் கடப்பாரையும் கீறலும்தான். விரிவான வாக்குமூலம் கொடுக்கும் முன் ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.